நாரந்தனை முற்றத்து வானம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கியத் தொடரில் விண்மீன்களைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறாரே, நிலையம் மாறிவிட்டதோ என்று வானொலியின் குமிழைத் திருகிவிடாதீர்கள். நமது பழைய புலவர்கள் வானம் பார்த்தவர்கள். கூடலூர் கிழார் என்று ஒருவர். பங்குனி மாதத்து நள்ளிரவொன்றில் ஒரு மீன் எரிந்து விழக் கண்டார். அந்த வேளையில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று பஞ்சாங்கக்காரரின் கவனத்தோடு குறித்துக்கொண்டார். அரசனுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் இறந்துபோனான். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பது அவன் பெயர். புறநானூற்றில் 229ஆம் பாட்டு.

எரிமீனுக்கும் அரசன் சாவுக்கும் தொடர்பில்லை என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். எனக்கு அந்தப் பாட்டில் வியப்பாக இருப்பது வேறு. ஏழு நாள் கழித்து, துக்க வீட்டில் நின்றுகொண்டு, அந்த மனிதர் அன்றைய வானத்தை ஒரு மீனும் பிசகாமல் நினைவு வைத்திருக்கிறார். இழந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்ட வானம் மறப்பதில்லைப் போலும். எனக்கும் அப்படி ஒரு வானம் உண்டு. நாரந்தனையில், எங்கள் அம்மம்மா வீட்டு முற்றத்துக்கு மேலே இருந்த வானம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போனால், ஊர்காவற்றுறையை எட்டுவதற்குள் வருவது நாரந்தனை. பனையும் வடலியும் தோட்டக் கிணறுகளுமான ஊர். இந்தத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன். நெடுந்தீவை டெல்ப்ற் ஆக்கினார்கள், அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் லைடனை ஊரில் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. அசல் லைடன் நகரத்துப் பல்கலைக்கழகம் 1633ஆம் ஆண்டிலேயே வானாய்வுக்கூடம் ஒன்று கட்டிவிட்டது. எங்கள் லைடனின் வானாய்வுக்கூடம் அம்மம்மா விரித்த பன்பாய்தான்.

அம்மம்மா 1910இல் வால்வெள்ளியைப் பார்த்தவர். அப்போது அவருக்குப் பத்து வயது. வால் அரைவானம் மட்டும் நீண்டிருந்தது என்பார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னுங் கொஞ்சம் நீளும். அதே ஹலியின் வால்வெள்ளியை 1986 ஏப்ரலில் நான் அதே முற்றத்தில் நின்று பார்த்தேன். நள்ளிரவில், தெற்கே, பிய்த்த பஞ்சுத் துண்டு போல ஒன்று. அம்மம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் "இதுவோ வால்வெள்ளி?" என்று கேட்டிருப்பார்.

1990இல் தீவகத்துக்குப் போர் வந்தபோது ஊரே எழுந்து போனது. நாங்களும் போனோம். அந்த ஆண்டு தொடக்கம் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரி வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் படித்தார்கள். அத்தனை இருட்டில் விண்மீன்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்த நாள்களில் நாங்கள் வானத்தை நிமிர்ந்து பார்த்தது மீன் பார்க்க அல்ல. இரைச்சல் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்தோம். வெளிச்சக் குண்டு மெல்ல மெல்ல இறங்கும்போது முற்றத்து மணலில் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் தெரியும். மீன்கள் அந்த ஒளியில் காணாமற் போகும். அவற்றை அப்போது யாரும் தேடவுமில்லை.

இனி விடுமுறைக் கதைக்கு வருகிறேன்.

2023 சித்திரை. ரொறன்ரோவிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. கடலில் குளிப்பது, நுங்கு குடிப்பது, நயினாதீவுக்கு வள்ளத்தில் போவது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதன் கடைசியில் 'தென்சிலுவை பார்ப்பது' என்று எழுதியிருந்தது. நாலு மீன் சேர்ந்து சிலுவை போலத் தெரியும் அந்தக் கூட்டம் ரொறன்ரோவில் ஒருபோதும் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. தெற்கே ஒளிரும் அகத்திய மீனும் அங்கே இல்லை. அது எழ வேண்டுமானால் இன்னும் ஆறேழு பாகையாவது தெற்கே இறங்க வேண்டும்.

புதுவருடத்துக்கு முதல் நாள் நாரந்தனைக்குப் போனோம். வீட்டின் முன்பாதிக்கு மட்டும் கூரை போட்டிருக்கிறேன். பின்பாதி இன்னும் சுவர்தான். அடுக்களை இருந்த இடத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. எங்கள் ஒழுங்கையில் எட்டு வளவுகள். ஆள் இருப்பது இரண்டில். அதனால்தான் வானம் அப்படித் துலங்குகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஊரில் ஆள் இருந்திருந்தால் விளக்கிருக்கும். விளக்கிருந்தால் மீன் இத்தனை இராது. பேத்தி வாயைப் பிளந்து பார்த்த அழகு, பாதியாவது, ஆறு வீடுகளின் வெறுமை.

ஆனாலும் அழகு அழகுதானே. அன்று மேற்கே அந்திவெள்ளி கார்த்திகைக் கூட்டத்தைத் தாண்டி உரோகிணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிவந்த செவ்வாய் மிதுனத்தில் நின்றது. திருவாதிரை மேற்கே சாய, வடகிழக்கில் சப்தரிஷிகள் ஏறிவந்தார்கள். பேத்தி கைத்தொலைபேசியை வானத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் வாசித்தாள். நான் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒரு பிரச்சினை வந்தது. தொலைபேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வானம் கறுப்புத் துணியாக இருக்கிறது. இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும். ஒரு நொடி வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். தொலைபேசி உள்ளே போனது. அதன் பிறகுதான் அவள் வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததியைத் தானாகவே கண்டுபிடித்தாள். கலியாண வீடுகளில் ஐயர் பட்டப்பகலில், பந்தலுக்கு வெளியே விரலை நீட்டி, "தெரியுதோ?" என்று கேட்க, மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டுவார்களே, அந்த அருந்ததி. நானும் தலையாட்டியவன்தான். உண்மையில் பார்ப்பது சித்திரை, வைகாசி இரவுகளில் மிகச் சுலபம்.

புதுவருடத்துக்கு மறுநாள் மத்தியானம் ஒரு வேடிக்கை செய்தோம். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 15ஆம் தேதி பகல் 12 மணி 10 நிமிடம் அளவில் முற்றத்தில் உலக்கையை நிமிர்த்திப் பிடித்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி உலக்கையின் காலடிக்குள்ளேயே புகுந்துகொண்டது. பேத்தி தன் காலடியைப் பார்த்தாள். அங்கேயும் நிழல் இல்லை. கிரகணத்தன்று மட்டும் உலக்கை தானாக நிமிர்ந்து நிற்கும் என்று அம்மம்மா சொல்வார் என்றேன். "அப்ப 2019இல் நிண்டதோ?" என்று கேட்டாள். அந்த ஆண்டு டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தின் மேலாகப் போனதை அவள் எங்கோ வாசித்திருக்கிறாள். 2010 ஜனவரி 15இலும் அப்படி ஒன்று போனது. அன்று உலக்கையை யாரும் சோதித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கிரகணம் என்றதும் இன்னொன்று சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் தீவுக்கு எதிரே, பரவைக்கடலுக்கு அப்பால், அராலி. அங்கே விசுவநாத சாத்திரியார் என்ற பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்துக்கு அவர் கணித்த நேரமும், அயலிலே வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூர் பாதிரியார் கணித்த நேரமும் ஒத்துவரவில்லை. கிரகண இரவில் செமினரியின் கணிப்பே சரியாக வந்தது. பாதிரிமார் அதைத் தங்கள் கல்விக்குக் கிடைத்த வெற்றியாக எழுதிவைத்தார்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கணிதரின் கைத்திறனையும் பார்க்க வேண்டும். 1825இல் புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற ஐரோப்பிய அறிஞர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் ஓர் எழுத்தும் எழுதாமல், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதன் தொடக்கத்தில் பிழை நாலு நிமிடம்தான். செமினரியின் பின்னைய தலைவர் ஹொய்சிங்ரன் இந்த முறையை அலட்சியம் செய்யவில்லை. 1848இல் தமிழ்ச் சோதிட கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கங்களோடும் அச்சிட்டார். சண்டை பிடித்த இடத்திலேயே மரியாதையும் பிறந்தது. இலக்கிய உலகத்தில் இது அடிக்கடி நடப்பதில்லை.

பேத்திக்கு இந்த வரலாற்றில் பாதியிலேயே நித்திரை வந்துவிட்டது. அவளை எழுப்பியது இராப்பலகை.

கோரமண்டலக் கரைத் தமிழ் மாலுமிகள் இரவில் வழி காண ஒரு சிறு பலகை வைத்திருந்தார்கள். நடுவே ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லால் கடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தில் வைத்தால், மேல்விளிம்பு துருவ மீனைத் தொட வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். தன் ஊர் முடிச்சைக் கடித்தபடி வடக்கே போகிறவன், மீன் பலகையில் வந்து உட்கார்ந்ததும் கப்பலைத் திருப்பி நேரே கரைக்கு விடுவான். கொங்கிறீவ் என்ற ஆங்கிலேயர் 1850இல் இதை விவரித்து எழுதினார். அராபியரிடமும் இதே கருவி இருந்தது.

கொப்பி அட்டையில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டினோம். நாரந்தனையில் துருவ மீன் அடிவானத்துக்கு மேலே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு. கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டியளவு. கயிற்றில் 29 சென்ரிமீற்றரில் ஒரு முடிச்சு விழுந்தது. கொழும்புக்கு 41 சென்ரிமீற்றரில் இன்னொன்று. "ரொறன்ரோவுக்கு?" என்றாள். கணக்குப் பார்த்தால் ஐந்து சென்ரிமீற்றர் சொச்சம். முடிச்சைக் கடிக்கப் போனால் அட்டை மூக்கில் இடித்தது. அவள் சிரித்த சிரிப்பில் வேம்பிலிருந்த காகம் எழும்பிவிட்டது. துருவ மீனும் துருவத்திலிருந்து அரைப்பாகைக்கு மேல் விலகித்தான் நிற்கிறது, கூடலூர் கிழார் காலத்தில் அந்த இடத்தில் ஒளியுள்ள மீன் எதுவுமே இல்லை என்றெல்லாம் நான் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிச்சைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

வடக்கு முடிந்தது. தெற்கில்தான் சிக்கல்.

தென்சிலுவை சித்திரை நடுவில் எட்டு மணிக்கே தென்கிழக்கில் தலைகாட்டும், பக்கவாட்டில் சரிந்து படுத்தபடி. பதினொரு மணியளவில் நிமிர்ந்து நிற்கும். அப்போதுகூடப் பனை உயரந்தான். எங்கள் தெற்கு வேலிக்கு அப்பால் அக்காவின் வளவு. (உறவில் அக்கா இல்லை, ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் அக்கா.) அவருடைய தாழ்வாரத்தில் ஒரு வெள்ளை மின்குமிழ் இரவு முழுவதும் எரியும். அந்தக் கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால், சிலுவையின் மங்கலான நாலாவது மீன் பேத்திக்குத் தெரியவே இல்லை.

அவள் வேலியடிக்குப் போய்த் தன் ரொறன்ரோத் தமிழில் மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "ஆச்சி, பத்து நிமிசம் மட்டும் லைற்றை நிப்பாட்டுவீங்களா? ஸ்ரார் பாக்க."

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "இல்லைப் பிள்ளை. அது எரியட்டும். இருட்டு நாங்கள் கனக்கப் பாத்திட்டம்."

கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பேத்தி திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "நான் பிழையாக் கேட்டனா, அம்மப்பா?" நான் என்ன சொல்வது? அக்கா தனியாக ஊருக்குத் திரும்பியபோது அந்த ஒழுங்கையில் வேறு ஒருவரும் இல்லை. படலையடியில் ஏதாவது அசைந்தால் மாடோ மனிதரோ என்று தெரியாது. மின்சாரம் வந்த அன்று போட்ட குமிழை அவர் அணைத்ததே இல்லை, பழுதானால் மாற்றுவார். இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன். அவள் தன்னுடைய ஒரு கதையைச் சொன்னாள். 2022 மார்ச் கடைசியில் கொழும்பில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்ததல்லவா, அப்போது வெள்ளவத்தை மாடியில் நின்ற ஒன்றுவிட்ட தம்பி, முதன்முதலாகக் கொழும்பில் மீன் தெரிகிறது என்று அவளைத் தொலைபேசியில் அழைத்தானாம். "அவன் ஹாப்பியா இருந்தான். ஆனா மாமி அழுதுகொண்டிருந்தா" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி வானியலார் சொல்வது உண்மையில் எளிமையானது. விளக்கு வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. மேலேயும் பக்கத்திலும் சிதறுகிற ஒளி யாருக்கும் பயனில்லை, தலைக்கு மேலே ஒரு மறைப்பு வைத்து நிலத்துக்கு மட்டும் ஒளியை அனுப்புங்கள் என்கிறார்கள். கிழக்கே யாழ்ப்பாண நகரத்துக்கு மேலே நிற்கும் மங்கல் வெளிச்சம் முழுவதும் அப்படி வீணாகப் போனதுதான். நானும் இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனால் அடுத்த வளவுக் குமிழுக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

தோன்றியது அக்காவுக்கு. மறுநாள் பின்னேரம் படலையில் நின்று கூப்பிட்டார். "தம்பி, இஞ்ச ஒருக்கா வாரும். எனக்கு ஏணியிலை ஏற ஏலாது." கையில் ஒரு பழைய பனையோலைக் கடகம். அடியில் ஒரு துளை போட்டிருந்தார். கடகத்தைக் கவிழ்த்து, குமிழின் கம்பியை அந்தத் துளைக்குள்ளால் விட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன். "என்ரை படியும் படலையும் தெரியவேணும். மேலை எனக்குத் தேவையில்லை" என்றார். பொழுதுபட்டதும் விளக்கைப் போட்டார். அவருடைய படியும், படலைவரை போகும் மணலும் முன்னையிலும் துலக்கமாகத் தெரிந்தன. எங்கள் முற்றம் இருண்டது.

பதினொரு மணிக்குத் தென்சிலுவை நிமிர்ந்தது. நாலு மீனும் தெரிந்தன. அதன் இடப்புறம் வழிகாட்டி மீன்கள் இரண்டு. அதே வேளையில் வடக்கே சப்தரிஷிகள் துருவ மீனுக்கு மேலே. முற்றத்தின் நடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் இரண்டும் தெரியும். பேத்தி சுற்றிச் சுற்றி நின்று பார்த்தாள். அக்காவும் கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்தார். அவர் பார்த்தது பெரும்பாலும் பேத்தியைத்தான்.

திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, விடியற்புறம் எழுப்பி விடும்படி பேத்தி கேட்டிருந்தாள். பால்வீதி அந்த மாதத்தில் பின்னிரவில்தான் நன்றாக எழும். எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவள், "இண்டைக்கு முகில்" என்று திரும்பப் போனாள். முகில் இல்லை என்று பிடித்து நிறுத்தினேன். அந்தப் புகை அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. ஹலி அடுத்து வருவது 2061இல். அவளுக்கு அப்போது ஐம்பது வயதாகும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். சொல்லவில்லை.

வேலிக்கு அப்பால் கதவு திறந்த சத்தம். கடகத்துக்குக் கீழே, படியில், அக்கா.

"ஆர், தம்பியோ? நித்திரை வரேல்லையோ?"

"பிள்ளைக்கு வானம் காட்டுறன் அக்கா. இப்ப ரெண்டு மணி இருக்கும்."

அவர் படியை விட்டிறங்கி, இருட்டுப் பக்கமாக நாலடி வைத்து, தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டோ? சிவப்பன் உச்சி தாண்டிச் சரியிறான். சித்திரையிலை அவன் அந்த இடத்துக்கு வந்தால் மூண்டு. ஐயா அதைப் பாத்துத்தான் எங்களைத் துலா மிதிக்க எழுப்புறவர்."

சிவப்பன் என்றது கேட்டை மீனை. பேத்தி உள்ளே ஓடிப்போய்த் தொலைபேசியைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று மணி ஐந்து நிமிடம்.